அழகு என்ன குற்றம் செய்தது?

இலக்கியம், திரைப்படம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கான பகுதி இது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அழகு, அதனால் வரும் செருக்கு, ஒழுக்கச் சரிவு ஆகியவற்றைப் பற்றியே கேட்டிருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஆஸ்கர் வைல்டின் 'டோரியன் கிரேயின் ஓவியம்' நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். "பேரழகே டோரியனை அழித்தது" என்று முடித்தேன். ஆசிரியர் ஓரத்தில் "அழகு என்ன குற்றம் செய்தது?" என்று மட்டும் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். எங்கே தவறினேன்?
– தொடக்கக்கல்லூரி மாணவி, ஈசூன்

பதில்: உங்கள் ஆசிரியர் நல்ல கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். பதில் நாவலிலேயே இருக்கிறது. நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2ஆம் அத்தியாயத்தில் டோரியனின் புது நண்பர் ஹென்றி பிரபு, இளமை சீக்கிரம் போய்விடும் என்று டோரியனின் மனத்தைக் கலக்கிவிடுகிறார். டோரியன், ஓவியர் பேசில் வரைந்த தன் ஓவியத்தைப் பார்த்து, "நான் இப்படியே இருக்க வேண்டும், இது மூப்படைய வேண்டும், அதற்கு என் ஆன்மாவையே கொடுப்பேன்" என்கிற மாதிரி வேண்டிக்கொள்கிறான். அப்போதும் ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அவன் அழகாக இருந்தான், அழகை விரும்பினான், அது நிலைக்க வேண்டும் என்று ஏங்கினான். இவற்றில் எதற்கும் தண்டனை இல்லை.

முதல் மாற்றம் 7ஆம் அத்தியாயத்தில் வருகிறது. சிபில் வேன் என்ற இளம் நடிகையை அவன் காதலிக்கிறான். உண்மையான காதல் வந்த பிறகு மேடைக் காதல் அவளுக்குப் பொய்யாகத் தெரிகிறது, மோசமாக நடிக்கிறாள். நண்பர்கள் பார்க்க வந்த இரவில் இப்படி ஆகிவிட்டதே என்று, காலில் விழுந்து அழுபவளை உதறிவிட்டு வருகிறான். வீட்டுக்கு வந்தால் ஓவியத்தின் வாயோரத்தில் கொடுமையின் சாயல் படிந்திருக்கிறது. நம்ப முடியாமல் கைக்கண்ணாடியில் தன் உதட்டைப் பார்க்கிறான். அங்கே ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடி ஹென்றி பிரபு பரிசாகக் கொடுத்தது என்பதைத் தவறவிடாதீர்கள்.

ஆக, ஓவியத்தில் பதிவாவது அவன் பிறருக்குச் செய்தது. இதை நிரூபிக்க ஒரு தாளில் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள்: அத்தியாயம், அவன் செய்தது, ஓவியத்தில் தெரிந்த மாற்றம், விலை கொடுத்தவர். நான்காவது பத்தியை நிரப்பும்போது கட்டுரையின் முதுகெலும்பு தானாகக் கிடைக்கும். சிபில் நஞ்சுண்டு சாகிறாள். ஓவியர் பேசில் குத்திக் கொல்லப்படுகிறார். பிணத்தை அழிக்க மிரட்டி அழைக்கப்பட்ட ஆலன் கேம்பல் பிறகு தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். பழிவாங்க வந்த சிபிலின் தம்பி வேட்டையில் தவறுதலாகச் சுடப்படுகிறான்.

அடுத்து 12ஆம் அத்தியாயம். டோரியனைப் பற்றி ஊரே கிசுகிசுக்கும் நேரம். பேசில் அதை நம்ப மறுக்கிறார். பாவம் மனிதனின் முகத்தில் தானாகவே எழுதிவிடும், அதை மறைக்க முடியாது என்பது அவருடைய எண்ணம். இவ்வளவு தூய முகம் குற்றம் செய்திருக்காது என்று அவர் மனதார நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் டோரியனுக்கு இத்தனை ஆண்டும் கவசமாக இருந்தது. அடுத்த அத்தியாயத்தில் பேசிலின் உயிரையும் அதுவே வாங்குகிறது. நாவலின் நடு நரம்பு இந்த இடம்தான் என்பது எங்கள் கருத்து. உங்கள் முடிவை இப்படி மாற்றலாம்: "தான் செய்வது எதுவும் தன் முகத்தில் தெரியாது என்ற துணிச்சலும், அழகான முகத்தைக் கேள்வி கேட்காத சமூகமும் சேர்ந்து டோரியனை அழித்தன." இப்போது அழகு காரணமாக இல்லை, மறைப்பாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் உங்கள் ஆசிரியர் எதிர்பார்த்திருப்பார்.

20ஆம் அத்தியாயத்தையும் விட்டுவிடாதீர்கள். கிராமத்துப் பெண் ஒருத்தியைக் கெடுக்காமல் விட்டுவிட்டேன், ஓவியம் கொஞ்சம் தெளிந்திருக்கும் என்ற ஆசையோடு போய்ப் பார்க்கிறான். கண்ணில் தந்திரமும் வாயில் பாசாங்குக்காரனின் சுழிப்பும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. நல்லவனாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த நல்லதையும் ஓவியம் கண்டுபிடித்துவிடுகிறது. செருக்கைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட வலுவான சான்று நாவலில் கிடையாது. மாணவர்கள் பெரும்பாலும் பேசில் கொலையோடு நிறுத்திவிடுவதால் இது கட்டுரைகளில் வருவதே இல்லை.

பதிப்பிலும் கவனம் தேவை. 1890 ஜூலையில் பத்திரிகையில் வந்த வடிவத்துக்கு 13 அத்தியாயங்கள். 1891இல் நூலாக வந்ததற்கு 20. சிபிலின் தம்பி அதில்தான் சேர்க்கப்பட்டான். கொலை நடக்கும்போது டோரியன் முதல் வடிவத்தில் 32ஐ எட்டுகிறான், இரண்டாவதில் 38ஐ. இணையத்தில் இரண்டும் கிடைக்கின்றன. ஒன்றிலிருந்து மேற்கோளையும் மற்றொன்றிலிருந்து அத்தியாய எண்ணையும் எடுத்தால் எல்லாம் குழம்பிவிடும். 20 அத்தியாயம் இருக்கிறதா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஒழுக்கமான நூல், ஒழுக்கங்கெட்ட நூல் என்று எதுவும் இல்லை என்று சொல்லும் முன்னுரையும் 1891இல் சேர்ந்ததே. முதல் வடிவத்தை விமர்சகர்கள் கடுமையாகத் தாக்கிய பிறகு எழுதியது அது. "இந்த நாவலில் நீதியே இல்லை" என்பதற்கு அதைச் சான்றாக வைக்காதீர்கள்.

கேள்வி: உயர்நிலை மாணவர்களுக்கு இதே கருத்தில் ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். நம் இலக்கியத்தில் எதை எடுக்கலாம்?
– தமிழாசிரியர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கம்பரிடமிருந்து ஒரு பாட்டும் மணிமேகலையிலிருந்து ஒரு காட்சியும் போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் நேரம் பற்றாது.

ஆரணிய காண்டத்தில் சூர்ப்பணகை உருமாறி வரும் பாட்டு:

பஞ்சிஒளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சம்நிகர் சீறடியள் ஆகி
அஞ்சொல்இள மஞ்ஞைஎன அன்னம்என மின்னும்
வஞ்சிஎன நஞ்சம்என வஞ்சமகள் வந்தாள்

முதலில் பொருள் சொல்லாமல் இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு ஞகர மெய்யை அடுத்துச் சகரம் வரும் இடங்களை வட்டமிடச் சொல்லுங்கள். எட்டு இடம் கிடைக்கும். கொலுசுச் சத்தம்போல் ஓடிவரும் அந்த ஓசையிலேயே நாமும் மயங்கிவிடுகிறோம். நான்காம் அடிக்கு வந்ததும் நிறுத்துங்கள். வஞ்சி, நஞ்சம், வஞ்சம். கொடியைக் குறிக்கும் சொல்லில் ஓர் உயிரொலி மாறினால் போதும், வஞ்சகம் ஆகிவிடுகிறது. சந்தம் மாறவில்லை, இனிமை குறையவில்லை, பொருள் மட்டும் திரும்பிவிட்டது. பாடநூல் குறிப்புகளில் முதல் மூன்று அடியின் உவமைகளை வரிசைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பாட்டின் உயிர் போய்விடும்.

வான்மீகி இந்த இடத்தில் இராமனின் அழகையும் அரக்கியின் அழகின்மையையும் எதிரெதிராக நிறுத்திப் போகிறார். கம்பர் அவளுக்கு அழகிய உருவத்தைக் கொடுத்து, கண்ணை நம்பலாமா என்ற கேள்வியைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறார்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. வகுப்பு முடியும்போது "அழகான பெண் என்றால் நஞ்சு" என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அதற்கு மாற்றாக, பால காண்டத்தின் "தோள்கண்டார் தோளே கண்டார்" பாட்டை ஐந்து நிமிடம் பக்கத்தில் வையுங்கள். அதே கவிஞர், அதே நூல். ஊரே ஓர் ஆணின் அழகில் கண்ணெடுக்காமல் நிற்கிறது. அங்கே அழகின் மேல் எந்தக் கறையும் இல்லை.

மணிமேகலையில் 20ஆம் காதை. இளவரசன் உதயகுமாரன் மணிமேகலையின் அழகைத் துரத்துகிறான். அவள் காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் உருவில் இருக்கிறாள். நரைத்த மூதாட்டி ஒருத்தியைக் காட்டி அவனுக்குச் சொல்கிறாள்:

தண்அறல் வண்ணம் திரிந்துவேறு ஆகி
வெண்மணல் ஆகிய கூந்தல் காணாய்

ஆற்றின் கருமணல்போல் இருந்த கூந்தல் வெண்மணலாகிவிட்டது. இப்படியே நெற்றி, புருவம், கண் என்று கீழே இறங்குகிறாள். பிள்ளைகளுக்கு இதில் கேட்கச் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது: எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்ட அந்த மூதாட்டிக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்? காப்பியம் அவளுக்குப் பேச வாய்ப்புத் தரவில்லை. அதைப் பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள்.

காட்சியின் முடிவையும் கட்டாயம் சொல்ல வேண்டும். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் இதைப் பார்க்கிறான். தன் மனைவி வேறொருவனோடு பேசுவதாக நினைத்து ஒளிந்திருந்து, நள்ளிரவில் அவளைத் தேடி வரும் இளவரசனை வாளால் வெட்டுகிறான். உருவம் நிலையற்றது என்று ஒருத்தி விளக்கிய பிறகும், உருவத்தை நம்பியவன் கொலை செய்கிறான். சாத்தனாரின் அமைப்புத்திறன் இங்கே தெரிகிறது.

நேரப் பங்கீடு: கம்பர் 20 நிமிடம், மணிமேகலை 25, எழுத்துப்பயிற்சி 15. நேரம் மிஞ்சினால் யயாதி கதையை வாய்மொழியாகச் சொல்லலாம். சாபத்தால் வந்த முதுமையை மகன் பூருவிடம் கொடுத்து அவன் இளமையை வாங்கிக்கொண்ட அரசன், ஆயிரம் ஆண்டு கழித்து, நெய் ஊற்றினால் தீ அணையுமா என்று உணர்ந்து இளமையைத் திருப்பிக் கொடுக்கிறான்.

கேள்வி: 'வேனிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதைப் போடுவது?
– மொழிபெயர்ப்பு பயிலும் வாசகர், பொங்கோல்

பதில்: இடம் பார்த்துப் போட வேண்டும். 'செருக்கு' உள்ளத்தில் இருப்பது. "யான்எனது என்னும் செருக்கு" என்று குறள் சொல்வது அதைத்தான். 'தற்பெருமை' வாயில் வருவது. 'இறுமாப்பு' பிறரைத் தாழ்வாகப் பார்ப்பது. கண்ணாடி முன் நிற்கும் பாத்திரத்துக்கு இவை எதுவும் முழுதாகப் பொருந்தாது. 'தன்னழகில் தானே மயங்குதல்' என்று வினையாக எழுதினால் வாக்கியம் இயல்பாக ஓடும். எல்லாம் வெறுமை என்ற பழைய பொருளில் வந்தால், தமிழ் விவிலியத்தின் பிரசங்கி நூல் பயன்படுத்தும் 'மாயை' சரி. வெறுமையும் பெருமையும் சேர்ந்து வர வேண்டுமானால் 'வீண்பெருமை' நல்ல சொல்.

இன்னொன்று: தன்னழகில் மயங்குபவர்களுக்கெல்லாம் நார்சிசஸ் என்று பெயர் வைக்கிறார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய கதையில் அவன் முதலில் நீரில் தெரிவது தன் உருவம் என்று அறியவே இல்லை. வேறு யாரோ என்றுதான் காதலிக்கிறான். தன்னை அறியாதிருந்தால் நெடுநாள் வாழ்வான் என்று குறிசொல்பவரான டைரீசியஸ் முன்பே சொல்லியிருந்தார். அறிந்த பிறகுதான் வாடுகிறான். மொழிபெயர்க்கும்போது அந்தப் பெயரை அவசரமாக ஒட்டாதீர்கள்.

கேள்வி: அழகு கிடைத்து அழிவு வரும் கதைகள் சிங்கப்பூரில் படமாகியிருக்கின்றனவா?
– வாசகர், அங் மோ கியோ

பதில்: இரண்டு மலாய்ப் படங்களைச் சொல்லியே ஆக வேண்டும். 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த 'பொந்தியானாக்'. இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். கூன் விழுந்த, அழகற்ற பெண்ணாகத் தொடங்கும் நாயகியாக மரியா மெனாடோ நடித்தார். மந்திர மருந்தால் பேரழகி ஆகிறாள். இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவனைக் காப்பாற்ற நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள். அதில் இரத்தம் நாவில் பட்டுப் பேயாகிவிடுகிறாள். அவள் நிபந்தனையை மீறியது செருக்கால் இல்லை, அன்பால். அழகு, ஆணவம், அழிவு என்று நாம் பழகிவிட்ட வாய்பாட்டில் இந்தக் கதை அடங்காது. முதல் படத்தின் பிரதி இன்று இல்லை என்பது பெரிய இழப்பு. அதன் வரிசையில் 1958இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' மிஞ்சியிருக்கிறது.

மற்றது அதே 1958இல் பி. ரம்லி இயக்கி நடித்த 'சும்பா ஓராங் மின்யாக்'. பாலஸ்தியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புத் தளத்தில் உருவான காலத்துப் படம். பாத்தேக் துணியில் அற்புதமாக வரையும் கூனனை ஊரே எள்ளி நகையாடுகிறது. கண்ணுக்குத் தெரியாத உலகத்தார் அவனுக்கு அழகைக் கொடுக்கிறார்கள். பிறகு அவன் வழிதவறி, கடைசியில் மலாய்க் கதைகளில் வரும் பேயுருவான எண்ணெய் மனிதனாகிறான். பார்க்கும்போது தொடக்கக் காட்சிகளை விரைவாக ஓட்டாதீர்கள். அழகு கிடைப்பதற்கு முன்பே, ஊராரின் சிரிப்பில், கேடு தொடங்கிவிடுகிறது.

கேள்வி: படங்களில் வில்லன் என்றால் முகத்தில் தழும்பு, கெட்டவன் என்றால் கடைசியில் உருக்குலைவு. 13 வயது மகளோடு பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது. அவளிடம் எப்படிப் பேசுவது?
– தாய், செங்காங்

பதில்: மேலே பேசில் என்ற ஓவியரின் நம்பிக்கையைச் சொன்னோம்: பாவம் முகத்தில் எழுதப்படும் என்பது. அந்தத் தவறான நம்பிக்கையைத்தான் பல படங்கள் இன்றும் உண்மைபோல் காட்டுகின்றன. தமிழில் இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

1954இல் வந்த 'ரத்தக்கண்ணீர்'. வெளிநாட்டிலிருந்து திரும்பிய பணக்காரன் மனைவியைப் புறக்கணித்து, காந்தா என்பவளிடம் எல்லாவற்றையும் இழக்கிறான். பிறகு தொழுநோய் வருகிறது. எம். ஆர். ராதாவின் நடிப்பு இன்றும் உலுக்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் தொழுநோய் கிருமியால் வருவது. 1873இலேயே ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். இன்று கூட்டு மருந்தால் முழுதாகக் குணமாகிறது. அதை ஒழுக்கக்கேட்டின் கூலியாகக் காட்டும்போது, எந்தத் தவறும் செய்யாத நோயாளிகளின் மேல் பழி விழுகிறது. நோய் வரும் காட்சிக்கு முன்பே படத்தை நிறுத்தி, "இவன் ஏற்கெனவே என்னென்ன செய்துவிட்டான்?" என்று மகளிடம் கேளுங்கள். பட்டியல் நீளமாக வரும். நோய் இல்லாமலே கதைக்குத் தேவையான எல்லாம் அங்கே இருப்பதை அவளே சொல்லிவிடுவாள்.

2015இல் வந்த ஷங்கரின் 'ஐ'யில் விளம்பர உலகின் அழகு வணிகம் ஒருவனை ஊசிபோட்டு உருக்குலைக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அவன் பழிவாங்குவதும் எதிரிகளை ஒவ்வொருவராக உருக்குலைப்பதுதான். உருக்குலைந்தவனுக்காக முதல் பாதியில் நம்மை வருந்தவைத்த படம், பிறகு உருக்குலைந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. அதில் ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கையைக் காட்டிய விதமும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

பேசும்போது ஒரு படத்துக்கு ஒரே ஒரு தடவை நிறுத்தினால் போதும். ஐந்து தடவை நிறுத்தினால் மகள் அடுத்த முறை உங்களோடு உட்கார மாட்டாள். கேட்க மூன்று கேள்வி போதும்: இவன் கெட்டவன் என்று உனக்கு எந்த நொடியில் தெரிந்தது? அவன் செய்ததாலா, முகத்தாலா? இதே முகம் நல்லவனுக்கு இருந்திருந்தால் கதை கெட்டிருக்குமா? "உருவுகண்டு எள்ளாமை வேண்டும்" என்ற குறள் அவளுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லாமல் அவள் வாயில் வரட்டும்.

கேள்வி: சமூக மன்றத்தில் டோரியன் கிரே கதையை 30 நிமிடத் தமிழ் நாடகமாகப் போட விரும்புகிறோம். ஓவியம் மாறுவதை எப்படிக் காட்டுவது?
– நாடகக் குழுவினர், உட்லண்ட்ஸ்

பதில்: காட்டாதீர்கள். 1945இல் வந்த ஆல்பர்ட் லூவினின் படம் கறுப்பு வெள்ளையில் ஓடி, ஓவியம் வரும்போது மட்டும் வண்ணத்துக்கு மாறியது. சீரழிந்த ஓவியத்தை வரைய ஐவன் ஆல்பிரைட் என்ற ஓவியரை அழைத்தார்கள். அது இன்று சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தத் தரத்தில் உங்களுக்குப் படம் கிடைக்காது. சுமாரான கோர ஓவியத்தைத் திறந்தால் அரங்கம் சிரித்துவிடும்.

ஏறக்குறைய 3 அடிக்கு 5 அடி மரச்சட்டம் ஒன்றை, முதுகு பார்வையாளர் பக்கம் இருக்கும்படி மேடையின் முன்பகுதியில் சற்றுச் சாய்வாக வையுங்கள். பின்புறத்தைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். இல்லாவிட்டால் ஓர இருக்கையில் உள்ளவர்களுக்கு வெறும் சட்டம் தெரியும். சட்டத்தின் உட்புறம் எல்இடி விளக்குப் பட்டையை நான்கு பக்கமும் தனித்தனியாக இணையுங்கள். நடிகரின் முகத்தில் விழும் ஒளிதான் ஓவியம். தொடக்கத்தில் மேற்பட்டையில் இளமஞ்சள். ஒவ்வொரு குற்றத்துக்குப் பிறகும் மேலொளியைக் குறைத்து, கீழ்ப்பட்டையில் குளிர்ந்த வெள்ளையைக் கூட்டுங்கள். கீழிருந்து வரும் ஒளி கண்குழியையும் கன்னத்தையும் தானாகவே மாற்றிவிடும். மலிவான மங்கலாக்கிகள் (டிம்மர்) ஒளியை மிகவும் குறைக்கும்போது சிமிட்டும். கைப்பேசிப் பதிவில் கோடுகளாகத் தெரியும். ஒத்திகையிலேயே படமெடுத்துப் பாருங்கள்.

டோரியனுக்கு வயதாகும் ஒப்பனை கூடாது. மற்ற எல்லாருக்கும் போடுங்கள். வேலைக்காரருக்கு நரை, பேசிலுக்குத் தளர்ந்த நடை. 18 ஆண்டுகள் போய்விட்டதை வசனமின்றியே சொல்லிவிடலாம்.

பாத்திரங்கள் நான்கு, காட்சிகள் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைமௌனங்களையும் சேர்த்தால் 2,500 சொல்லுக்கு மேல் வசனம் தாங்காது. அதிகம் சறுக்குவது ஹென்றி பிரபுவிடம். அவருடைய நறுக்குகளை, அதாவது சுருக்கென்று தைக்கும் ஒற்றை வரிகளை, எல்லாம் மொழிபெயர்த்தால் கைத்தட்டல் முழுவதும் அவருக்குப் போய்விடும். சிபிலின் சாவு யாரையும் தொடாது. மூன்று நறுக்குகளை மட்டும் எடுங்கள். மூன்றாவது, சிபில் இறந்த செய்தி வந்த பிறகு வரட்டும். அப்போது யாரும் கைதட்ட மாட்டார்கள்.

வைல்ட் 1900இல் இறந்ததால் மூலத்துக்குக் காப்புரிமை இல்லை. ஆனால் அச்சில் உள்ள தமிழ் மொழிபெயர்ப்புக்கு இருக்கலாம். இங்கே அது படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். நீங்களே எழுதிக்கொள்வது நல்லது. பொது நிகழ்ச்சிக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் தேவையா என்பதை அரங்கை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நாவலை முதலில் வாசிப்பதா, படத்தை முதலில் பார்ப்பதா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: 7ஆம் அத்தியாயம் வரை வாசித்துவிட்டுப் பாருங்கள். உதட்டோரத்து முதல் மாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் மனத்தில் ஓர் உருவம் வந்துவிட்டிருக்கும். ஆல்பிரைட்டின் ஓவியத்தை முதலில் பார்த்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை நினைக்கவே முடியாது.